கொரோனா அவசர நிதி: எங்களைப் போன்ற சின்னச் சங்கம் கேட்கலாமா?

லூயிஷம் செயலாளர் | 14 ஜூன் 2020

எல்லோருக்கும் வணக்கம். தென்கிழக்கு லண்டனில் ஒரு தமிழ் முதியோர் சங்கத்துக்கு இந்த வருடம்தான் செயலாளராக வந்திருக்கிறேன். பதிவு செய்த சாரிட்டிதான், ஆனால் மிகச் சின்னது. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு தேவாலய மண்டபத்தில் மதியச் சாப்பாடு, கொஞ்சம் உடற்பயிற்சி, வந்த கடிதங்களை வாசித்து விளக்குவது, பெனிஃபிட் போம் நிரப்பிக் கொடுப்பது. எங்கள் வேலை இவ்வளவுதான். மார்ச் நடுவில் மண்டபத்தை மூடினோம்.

மூடின பிறகுதான் வேலை கூடியது. முப்பது வீடுகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை சாமான் பை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஆபத்து அதிகம் என்பதால் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் ஷீல்டிங் கடிதம் கிடைத்தவர்களுக்கு அரசாங்கத்தின் உணவுப்பெட்டி வருகிறது, உண்மைதான். பாஸ்தா, பேக்ட் பீன்ஸ், ரின் சூப், பாண். எங்கள் அங்கத்தவரான ஒரு அம்மா, எண்பத்திரண்டு வயது, சைவம், நீரிழிவுக்காரர். சூப் ரின்னை வாட்ஸ்அப் வீடியோவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "தம்பி, இதுக்குள்ள மாடு கிடக்கோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்று கேட்டார். கிடந்தது. அந்தப் பெட்டியில் அவர் தொடக்கூடியதாக இருந்தவை தேயிலையும் பாலும் அப்பிளும்தான். அதனால் நாங்கள் குத்தரிசி, மைசூர்ப்பருப்பு, ரவை, தேங்காய்ப்பால் மா, வெங்காயம், உள்ளி, ஏதாவது இரண்டு மரக்கறி என்று கட்டிக் கொடுக்கிறோம்.

ஏப்ரலில் இரண்டு அங்கத்தவர்களை இழந்தோம். ஒருவருடைய கிரியைகளை ஸூமில்தான் பார்த்தோம். தனியாக இருக்கும் அவருடைய மனைவிக்கு இப்போது தினமும் யாராவது ஒருவர் போன் எடுக்கிறோம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வருட வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு மே மாதக் கலைமாலையில்தான் வரும். அது நடக்கவில்லை. வங்கியில் 4,300 பவுண் இருக்கிறது. கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம் வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கிறார். ஏப்ரலில் இருந்து அவரை ஃபேர்லோவில் (வேலையை நிறுத்திவைத்து, சம்பளத்தின் பெரும் பங்கை அரசாங்கம் கொடுக்கும் திட்டம்) வைத்திருக்கிறோம். ஆனால் முதியவர்களின் மருந்து விபரம், பிள்ளைகளின் போன் நம்பர், ஜிபி (குடும்ப டொக்டர்) பெயர் எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நிதியமைச்சர் சாரிட்டிகளுக்கு 750 மில்லியன் பவுண் என்று அறிவித்தாரே, அதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது உண்டா? நிர்வாகக் குழுவில் இதைக் கதைத்தபோது மூன்று தடை வந்தது. விண்ணப்பத்தை வாங்குவது நேஷனல் லொத்தரின் அமைப்பு என்பதால், லொத்தர் காசு வேண்டாம் என்று தலைவர் ஐயா சொல்கிறார். கலைமாலை நட்டத்தை ஈடுசெய்யும்படி கேட்போம் என்கிறார் இன்னொருவர். அடுத்தது, வங்கிக் கணக்கில் கையொப்பம் வைப்பவர்கள் பொருளாளரும் உபதலைவரும். இருவரும் கணவன் மனைவி. அதனால் விண்ணப்பம் எடுபடாது என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெம்ப்லிவாசி | 14 ஜூன் 2020

தம்பி, உங்கள் சேவைக்கு முதலில் நன்றி. என் அபிப்பிராயம், அரசாங்கக் காசுக்குப் போகவேண்டாம். எங்கள் கோயிலில் லொக்டவுன் தொடங்கினதில் இருந்து சமைத்த சாப்பாடு கொடுக்கிறோம். அரிசி ஒரு கடைக்காரர், மரக்கறி இன்னொருவர், வான் ஒரு அடியாரின் சொந்த வான். ஒரு போம்கூட நிரப்பவில்லை. அரசாங்கத்திடம் வாங்கினால் ஒவ்வொரு பென்ஸுக்கும் ரிசீட் காட்டவேண்டும். ஆள் பலம் இல்லாத சங்கத்துக்கு அது பெரிய சுமை. எங்கள் ஆட்களிடம் கேளுங்கள், இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

குரொய்டன் பொருளாளர் | 15 ஜூன் 2020

தம்பி, கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். நான் ஒரு சின்னச் சங்கத்துக்குப் பல வருடமாகக் கணக்குப் பார்க்கிறவள். தன்னார்வ அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுவதுதான் என் பகல் வேலையும். இந்த மூன்று மாதமாக என் மேசையில் வேறு அலுவலே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 750 மில்லியன் ஏப்ரல் 8-ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. அது ஒரே பெட்டிக்குள் இருக்கும் காசு இல்லை. 360 மில்லியன் அரசாங்கத் திணைக்களங்கள் வழியாக நேரே போகிறது. ஹொஸ்பிஸ்களுக்கு (கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் இடங்கள்) 200 மில்லியன் வரை, பிறகு சென்ட் ஜோன் அம்புலன்ஸ், சிட்டிசன்ஸ் அட்வைஸ், குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகள் என்று போகும் பங்கு அது. அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. மிச்சத்தில் 370 மில்லியன் சிறிய, நடுத்தர சாரிட்டிகளுக்கு. அதில் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு 60 மில்லியன் போக, மிகுதி இங்கிலாந்துக்கு. அந்த மிகுதியில் இருந்து வந்ததுதான் கொரோனாவைரஸ் கொம்யூனிட்டி சப்போர்ட் ஃபண்ட். 200 மில்லியன் பவுண், மே 22-ஆம் திகதி திறந்தார்கள். நீங்கள் தட்டவேண்டிய கதவு அது.

அறிவித்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையில் ஆறு கிழமைக்கு மேல். இறப்பு உச்சத்தில் இருந்த கிழமைகள் அவை. அந்தக் காலத்தில் சங்கங்களைத் தாங்கிப் பிடித்தது முக்கியமாக நேஷனல் எமர்ஜென்சிஸ் ட்ரஸ்ட் மார்ச் 18-இல் தொடங்கிய நிதியும், லண்டனில் பல அறக்கட்டளைகள் சேர்ந்து நடத்திய லண்டன் கொம்யூனிட்டி ரெஸ்பொன்ஸும்தான். அரசாங்கம் காசு கொடுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பசிக்கும் வயிற்றுக்கு ஆறு கிழமை நீண்ட காலம். இதை உரிய இடத்தில் நாங்கள் எல்லோரும் சொல்லவேண்டும்.

தலைவர் ஐயாவுக்கு இதைச் சொல்லுங்கள்: விண்ணப்பம் வாங்குவதும் பணம் அனுப்புவதும் நேஷனல் லொத்தர் கொம்யூனிட்டி ஃபண்ட்தான். ஆனால் இந்த 200 மில்லியன் லொத்தர் சீட்டு விற்ற காசு இல்லை, அரசாங்கம் கொடுத்த காசு. சூதாட்டக் காசு வேண்டாம் என்று ஒரு சங்கம் நினைத்தால் நான் அதை மதிக்கிறேன். பள்ளிவாசல்களோடு வேலை செய்யும்போதும் இதே கேள்வி வரும். ஐயா யோசிப்பது நியாயம். இந்த நிதிக்கு மட்டும் அந்த யோசனை தேவையில்லை. விண்ணப்பத்திலேயே இந்த அரசாங்க நிதிக்குத்தான் கேட்கிறோம் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். அதே படிவத்தால் லொத்தர் பணத்தில் இருந்தும் கொடுக்கிறார்கள்.

இனிக் கலைமாலை. அந்த நட்டத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவேண்டாம். இந்த நிதிக்கு இரண்டு நோக்கம் வைத்திருக்கிறார்கள். கொரோனாவால் அதிகம் பாதிக்கப்படும் மக்களுக்கு உதவி கூடவேண்டும், அத்தியாவசிய வேலை செய்யும் அமைப்புகள் காசில்லாமல் மூடப்படக்கூடாது. போன மாதம் எத்தனையோ சங்கங்களின் வரைவு என்னிடம் வந்தது. பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும்: "எங்கள் சங்கம் பல வருடங்களாகத் தமிழ்ச் சமூகத்துக்கும் கலை கலாசாரத்துக்கும் அரும்பணி ஆற்றி வருகிறது. கொரோனா காரணமாக எங்கள் வருடாந்த விழா ரத்தாகிப் பெரும் நட்டம் ஏற்பட்டுள்ளது." இதை வாசிக்கும் அதிகாரிக்கு உங்கள் விழாவைத் தெரியாது. அவர் முன்னால் அன்றைக்கு இன்னும் ஒரு கட்டு விண்ணப்பம் கிடக்கும். அவருக்குத் தெரியவேண்டியது, பணம் வந்தால் வரும் செவ்வாய்க்கிழமை யாருடைய வீட்டு வாசலில் என்ன இருக்கும் என்பதுதான்.

உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது, தம்பி. அந்தச் சூப் ரின்னை அப்படியே எழுதுங்கள். அரசாங்கப் பெட்டி வருகிறது, அதில் மாட்டிறைச்சி சூப் இருக்கிறது, எண்பத்திரண்டு வயதுச் சைவக்காரர் அதைச் சாப்பிடமுடியாது, லேபலை வாசிக்கவும் முடியாது, நாங்கள் வாசித்துச் சொல்லிவிட்டு வேறு பை கொண்டுபோகிறோம். பெயர் போடவேண்டாம். இந்த நாலு வரியில் உணவு, மொழி, தனிமை, உங்கள் சங்கம் ஏன் தேவை என்பது எல்லாம் வந்துவிடும். கவுன்சிலும் பெரிய சாரிட்டிகளும் செய்யாத எதை நீங்கள் செய்கிறீர்கள் என்று படிவம் மறைமுகமாகக் கேட்கிறது. அதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

தொகை. 10,000 பவுணுக்குக் கீழே ஒரு வகை, அதற்கு மேல் 100,000 வரை இன்னொரு வகை. நீங்கள் முதலாவதில் நில்லுங்கள். கேள்விகள் குறைவு. ஆறு மாதத்துக்குள் செலவழிக்கவேண்டும், அதனால் இருபத்துநாலு கிழமைக்குக் கணக்குப் போடுங்கள். உங்கள் பை ஒன்று என்ன விலை முடிகிறது என்று எனக்குத் தெரியாது, 9 பவுண் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வீடு, கிழமைக்கு 270, மொத்தம் 6,480. பெற்றோல் கிழமைக்கு 25 என்றால் 600. ஒருங்கிணைப்பாளருக்கு எட்டு மணித்தியாலம், மணிக்கு 11 பவுண்படி 2,112. கையுறை, முகக்கவசம், போன் ரொப்அப் 300. பை கட்டுவதற்கும் சாமான் வைப்பதற்கும் மண்டபத்தில் ஒரு அறை எடுப்பீர்கள்தானே, கிழமைக்கு 20 கொடுத்தால் 480. கூட்டிப் பாருங்கள், 9,972.

கடைசி இரண்டையும் எங்கள் ஆட்கள் எழுதுவதே இல்லை. அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் கேட்பார்கள். வாடகையும் போன் செலவும் கேட்டால் பேராசை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். பிறகு பொருளாளர் தன் கைக்காசைப் போட்டு வாடகை கட்டுவார். ஆறு மாதத்தில் அவர் களைத்துப் போய் விலகுவார், அதோடு சங்கமும் நிற்கும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அறை இல்லாமல் பை கட்டமுடியாது. போன் இல்லாமல் அந்த அம்மாவோடு கதைக்கமுடியாது. அது உங்கள் வேலையின் உண்மையான செலவு. கேளுங்கள்.

ஒருங்கிணைப்பாளரைப் பற்றி. ஃபேர்லோவில் இருக்கும்போது அவர் உங்கள் சங்கத்துக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது, தொண்டராக வந்துகூடச் செய்யக்கூடாது. ஒரு போன்கூட எடுக்கக்கூடாது. பெரிய கம்பனிகளை மனதில் வைத்து எழுதிய விதி இது. சாரிட்டிகளில் அதன் விளைவு என்ன? வேலை உச்சத்தில் இருந்த நேரத்தில், முதியவர்களை நன்றாக அறிந்த ஆள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு இதில் இன்னும் கோபம் போகவில்லை. நல்ல காலமாக ஜூலை 1-இல் இருந்து பகுதிநேரமாகக் கூப்பிடலாம். எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் அதற்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள், அது இந்த நிதியில் இருந்து. மிச்ச எட்டு மணித்தியாலத்துக்கு ஃபேர்லோ பணம். ஒரே மணித்தியாலத்துக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்கக்கூடாது, அது மட்டும் கவனம். நேர அட்டை ஒன்று வைத்து அவரிடம் கிழமைக்குக் கிழமை கையொப்பம் வாங்குங்கள்.

கணவன் மனைவி கையொப்பம். பயப்படவேண்டாம், எங்கள் சங்கங்களில் பாதி இப்படித்தான் தொடங்கின. யாருக்கும் நேரம் இல்லாத காலத்தில் ஒரு குடும்பம் தோளில் சுமந்தது. ஆனால் விதி தெளிவானது. நிர்வாகக் குழுவிலும் கணக்கிலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத, ஒரே வீட்டில் இல்லாத குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பொருளாளர் அப்படியே இருக்கட்டும். உபதலைவரின் இடத்தில் உங்கள் பெயரைச் சேருங்கள். இன்றைக்கே ஸூமில் கூட்டம் போட்டு, தீர்மானம் எடுத்து, குறிப்பில் எழுதி, வங்கிக்கு அனுப்புங்கள். இந்த நேரத்தில் கிளைகள் குறைந்த நேரம்தான் திறக்கிறார்கள், மாற்ற நாள் எடுக்கும். நான் உதவிய ஒரு சங்கத்துக்கு அது முடியும் முன்பே வேறொரு நிதியின் முடிவுத் திகதி போய்விட்டது. அதனால் மற்ற வேலையை விட இதை முதலில் செய்யுங்கள்.

தேவாலய மண்டபத்தைத் தவிர உங்களுக்கென்று ஒரு இடம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பெயரில் ஒரு அலுவலகமாவது இருந்தால் கவுன்சில் தானே முடிவு செய்து கொடுக்கும் டிஸ்கிரிஷனரி கிராண்டையும் பாருங்கள். மார்ச்சில் சின்ன வியாபாரங்களுக்கு 10,000 பவுண் கொடுத்தபோது சாரிட்டி ரேட்ஸ் (கட்டிட வரி) சலுகை வாங்கும் அமைப்புகளுக்கு அது கிடைக்கவில்லை. மே மாதம்தான் அந்த ஓட்டையை அடைக்க இந்த நிதியைக் கவுன்சில்களுக்குக் கொடுத்தார்கள்.

வெம்ப்லி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கோயில் செய்வது பெரிய காரியம், தலை வணங்குகிறேன். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி ஒரு கோயில் பக்கத்தில் இல்லை. கொடுக்கும் கடைக்காரரும் இந்த வருடம் அடிபட்டிருக்கிறார், எத்தனை மாதம் கொடுப்பார்? அப்புறம், இது யாருடைய காசு? அந்த முதியவர்கள் இங்கே வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார்கள், பேக்கரியில் நின்றார்கள், கெயர் ஹோமில் மற்றவர்களின் பெற்றோரைப் பராமரித்தார்கள். ஒவ்வொரு மாதமும் வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் வெட்டுப்பட்டது. அவர்களுக்கு உண்ணக்கூடிய சாப்பாடு கொண்டுபோக அந்த வரியில் ஒரு துளியைக் கேட்பது பிச்சை இல்லை.

எல்லோரும் அறியவேண்டிய இன்னொன்று. பன்னிரண்டு கிழமையில் சாரிட்டிகள் இழக்கப்போவது 4 பில்லியன் பவுண் என்று சாரிட்டிகளின் கூட்டமைப்பான என்சிவிஓ மார்ச்சில் கணக்குச் சொன்னது. வந்தது 750 மில்லியன். அதிலும் எங்களைப் போன்றவர்கள் வரிசையின் கடைசியில். கறுப்பின, ஆசிய, சிறுபான்மை மக்களின் சிறிய அமைப்புகளில் பத்தில் ஒன்பது, நெருக்கடி மூன்று மாதத்தைத் தாண்டினால் மூடவேண்டி வரலாம் என்று உபெலே இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்த மூன்று மாதம் இப்போது முடிகிறது. இதே சமூகங்களில்தான் இறப்பும் கூட என்று மே மாதம் தேசியப் புள்ளிவிபர அலுவலகமான ஓஎன்எஸ் கணக்குச் சொன்னது. அதிகம் இறப்பவர்களுக்கு அருகில் நிற்கும் சங்கங்கள் முதலில் மூடுகின்றன. பெரிய அமைப்பில் விண்ணப்பம் எழுதவே சம்பளத்துக்கு ஒருவர் இருப்பார். எங்களில் அதை எழுதுகிறவர் பகல் வேலை முடித்து, பை கொடுத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு உட்காருகிறார். அதனால்தான் எங்கள் ஆட்கள் கேட்பதே இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் உங்கள் பகுதியில் தேவை இல்லை என்றுதான் கணக்கில் நிற்கும்.

கிளாஸ்கோ தமிழன் | 15 ஜூன் 2020

அக்கா எழுதினது இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் யாராவது வாசித்தால் குழம்பவேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். இங்கே நிதி வேறு. மார்ச்சிலேயே ஸ்கொட்டிஷ் அரசாங்கம் சமூகங்களுக்கு 350 மில்லியன் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் இருந்து தேர்ட் செக்டர் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்று 20 மில்லியனில் ஒன்று தொடங்கினார்கள். அதில் கேட்ட கேள்வி நேரடியானது: நல்லபடி நடந்த அமைப்பு, கொரோனாவால் கைக்காசு முடிந்து மூடும் நிலையில் இருக்கிறதா? ஆம் என்றால் வாடகை, சம்பளம் போன்றவற்றுக்கே பணம். புதிதாக ஏதாவது செய்து காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. எங்கள் தமிழ்ப் பள்ளியோடு ஒரே கட்டிடத்தில் இருக்கும் ஒரு அமைப்பு அதனால்தான் தப்பியது. நிகழ்ச்சி ரத்தானதால் வந்த ஓட்டையை அடைக்கவும் ஒரு நிதி வேண்டும், அதை வெட்கமில்லாமல் கேட்க ஒரு படிவம் வேண்டும். அந்த வகையில் இங்கே செய்தது எனக்குச் சரியாகப் பட்டது.

லூயிஷம் செயலாளர் | 16 ஜூன் 2020

அக்கா, மிகவும் நன்றி. நேற்று இரவே ஸூமில் கூட்டம் போட்டோம். உபதலைவர் அம்மா தானாகவே விலகச் சம்மதித்தார், என் பெயரைச் சேர்க்கிறோம். லொத்தர் விஷயத்தில் தலைவர் ஐயாவும் ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார், என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன். "எங்கட சனத்தைப் பரிதாபமாய்க் காட்டித்தான் காசு வாங்கவேணுமோ? இவையள் ஊரில பள்ளிக்கூட அதிபர், தபாலதிபர், நேர்ஸ் எண்டு இருந்த ஆக்கள்." சூப் ரின் கதையை எழுதினால் அந்த அம்மா வெட்கப்படுவாரோ என்று எனக்கும் இப்போது யோசனை. அடுத்தது, கையில் 4,300 பவுண் இருக்கும்போது கேட்டால் "உங்களிடம் இருக்கிறதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா?

குரொய்டன் பொருளாளர் | 16 ஜூன் 2020

ஐயா கேட்டது சரியான கேள்வி. இதைக் கேட்கும் தலைவர் உங்களுக்குக் கிடைத்தது நல்ல விஷயம்.

முதலில் அந்த அம்மாவிடம் கேளுங்கள். பெயர் இல்லாமல், இடம் சொல்லாமல் இப்படி எழுதப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எழுதவேண்டாம், வேறு நாலு வீட்டில் வேறு நாலு உண்மை இருக்கும். அவர் சம்மதித்தால், அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். ரின்னைக் கையில் எடுத்து, வீடியோவைப் போட்டு, ஆளைக் கூப்பிட்டு, கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு மனுஷி. பெட்டியைக் கட்டியவர்கள் அவரை நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் அங்கே குறை. "பாதிக்கப்பட்ட, வலுவிழந்த முதியோர்" என்ற சொல் படிவத்தின் கேள்வியில் இருக்கும். பதிலிலும் நீங்கள் அதைத் திருப்பித் திருப்பி எழுதவேண்டிய அவசியம் இல்லை. ஒரு தடவை போதும்.

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் அங்கத்தவர்களே ஒருவருக்கொருவர் போன் எடுக்கிறார்களா? நேர்ஸாக இருந்தவர் மற்றவர்களுக்கு மருந்து விபரம் சொல்கிறாரா? அதிபர் ஐயா யாருக்காவது கடிதம் வாசிக்கிறாரா? அதையும் எழுதுங்கள். அவர்களும் தொண்டர்கள்தான். போன் ரொப்அப்புக்குக் கேட்கும் 300 பவுணில் அவர்களுடைய போனும் இருக்கட்டும். ஐயாவிடம் அந்தப் பகுதியை அவரையே சொல்லச் சொல்லி, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

4,300 பற்றி. மறைக்கவேண்டாம், வங்கிக் கூற்று எப்படியும் கேட்பார்கள். அது எதற்காக இருக்கிறது என்று எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் ஃபேர்லோ கொடுக்காத பங்கு, காப்புறுதி, மண்டபத்துக்கு ஏற்கெனவே கட்டவேண்டியது, ஒரு நாள் சங்கத்தை மூடவேண்டி வந்தால் கடன் இல்லாமல் மூடுவதற்கான தொகை. இதைக் கழித்தால் மிச்சம் எத்தனை கிழமைப் பைக்குக் காணும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். கையில் ஒரு பவுணும் இல்லாத சங்கத்தைவிட, கொஞ்சம் சேமிப்பு வைத்து அதற்குக் காரணமும் சொல்லத் தெரிந்த சங்கத்தை அவர்கள் நம்புவார்கள்.

கிளாஸ்கோ தம்பி சொன்னதோடு நான் உடன்படுகிறேன். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று உங்கள் எம்பிக்கு எழுதுங்கள். கவுன்சிலருக்கு எழுதினாலும் நல்லது. அது தனி வேலை, விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டாம்.

ரிசீட்டைப் பற்றி வெம்ப்லி அண்ணா சொன்னது உண்மைதான், வைக்கத்தான் வேண்டும். ஒரு ஃபைல், கிழமைக்கு ஒரு கவர், சாமான் வாங்கிய அன்றைக்கே போனில் படம். இதைக் கணக்குத் தெரிந்த ஒரு இளைய பிள்ளையிடம் கொடுங்கள், உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவேண்டாம்.

உங்கள் சங்கத்தின் விதிகளைச் சொல்லும் யாப்பின் பிரதி ஒன்றை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். பதினைந்து இருபது வருடத்துக்கு முன் எழுதிய யாப்புகளில், கலைத்தால் மிச்சக் காசு அங்கத்தவர்களுக்குப் பிரியும் என்று ஒரு வரி சில இடத்தில் கிடக்கும். இப்படியான நிதி கொடுப்பவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். உங்களுடையதில் அது இருந்தால் பொதுக்கூட்டம் கூட்டித் திருத்தவேண்டும், அதற்கு எத்தனை நாள் முன் அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பதும் அதே யாப்பில்தான் இருக்கும். சாரிட்டியாகப் பதிவு செய்தபோது பெரும்பாலும் சரிபார்த்திருப்பார்கள், என்றாலும் நான் ஒருக்கால் பார்த்துவிடுகிறேன். வரைவை வியாழன் இரவுக்குள் அனுப்பினால் வெள்ளி காலை திருத்தித் தருவேன்.